ஸ்வயாக் என்றால் சகலன்

தமாராவின் சுண்டுவிரல் மேசைக்குக் கீழே முறிந்தது. மேசைக்கு மேலே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொன்றியலின் சென்ட் லோரன்டில், தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரியும் இரண்டாம் மாடியில் உருத்திரமூர்த்தியின் வாடகை வீடு. அவர் வைத்த நண்டுக் கறியும் அவருடைய மனைவி கலீனா காய்ச்சிய பீட்ரூட் சூப்பும் ஒரே மேசையில் சிவப்புக்குச் சிவப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கலீனா ருஷ்யக்காரி. எதிரே இருந்தவள் அவளுடைய தங்கை தமாரா. தமாராவுக்குப் பக்கத்தில் அவளுடைய புருசன் விக்டர். இறைச்சிக் களஞ்சியம் ஒன்றில் மாட்டுத் துடைகளைத் தோளில் சுமந்து இறக்குகிறவன். அவன் உள்ளே வரும்போது கதவு சிறுத்துப்போகும்.

விக்டர் நண்டுக்காலை முழுசாக வாய்க்குள் வைத்துக் கடித்தான். ஓடு உதட்டைக் கிழித்தது. துப்பினான். தமாரா சிரித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. விக்டரும் சிரித்தான். சிரித்தபடியே அவளுடைய இடது கையை மேசைக்குக் கீழே இழுத்து மடியில் வைத்துக்கொண்டான், ஆசையாகப் பிடிக்கிறவன் போல. முருங்கைக்காயைக் கறிக்கு முறிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் உருத்திரமூர்த்தியின் காதில் விழுந்தது.

தமாரா கத்தவில்லை. அவளுடைய முகத்தின் நிறம் வடிந்து எங்கோ போயிற்று. வலது கையால் கரண்டியை எடுத்துச் சூப்பைக் குடித்தாள். ஒரு வாய். இன்னொரு வாய்.

விக்டர் கிளாஸைத் தூக்கினான். "சகலன்!" என்றான், தமிழில்.

உருத்திரமூர்த்தியும் தன் கிளாஸைத் தூக்கினார்.

அவர்கள் போன பிறகு கலீனா பாத்திரம் கழுவவில்லை. மேசையடியிலேயே நின்றாள். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் மாமியாரோடு இரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள். அவளுடைய தமிழ் அந்த ஊர்த் தமிழ்தான், கோபம் வந்தால் இன்னும் தெளிவாக வரும்.

"கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"கண்டிட்டுக் கிளாஸைத் தூக்கினனீங்கள்."

"புருசன் பெண்சாதிக்குள்ள நான் என்னெண்டு போறது, கலீனா?"

"நீங்கள் போகாட்டி ஆர் போறது? அப்பா செத்துப் போனார். அண்ணன் தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை. விக்டருக்கு ஒரு ஷூரின் இல்லை. அதுதான் அவனுக்கு இவ்வளவு துணிவு."

ஷூரின் என்றால் மனைவியின் சகோதரன். அந்தச் சொல்லைக் கலீனா எப்போதும் ருஷ்யத்திலேயே சொல்வாள். தமிழில் மச்சான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது சிநேகிதனுக்கும் பொருந்தும், மாமன் மகனுக்கும் பொருந்தும், பஸ்ஸில் இடித்தவனுக்கும் பொருந்தும் என்று கண்டு விட்டுவிட்டாள். ஷூரினுக்கு ஒரே ஒரு இருக்கைதான். அந்த இருக்கையில் ஒருவரும் இல்லை.

உருத்திரமூர்த்தி அந்தச் சொற்களைப் படித்தது கார்கோவ் நகரத்தில். சோவியத் யூனியன் புலமைப்பரிசில் கொடுத்து அவரை இயந்திரப் பொறியியல் படிக்கக் கூப்பிட்டிருந்தது. முதல் வருடம் முழுக்க மொழி வகுப்பு. ஒருநாள் ஆசிரியை கரும்பலகையில் ஒரு குடும்ப மரத்தை வரைந்து கிளைகளில் சொற்களைத் தொங்கவிட்டாள். கணவனின் சகோதரன் தேவெர். கணவனின் சகோதரி ஸலோவ்கா. மனைவியின் சகோதரி ஸ்வயாச்செனித்ஸா. கானாவிலிருந்து வந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டான். கியூபாக்காரன், இத்தனை பேரையும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தான். உருத்திரமூர்த்திக்கு மட்டும் உடம்பு சூடாகிக்கொண்டே வந்தது. மனைவியின் சகோதரியைக் கட்டியவன் ஸ்வயாக் என்று அவள் எழுதியபோது அவர் எழும்பி நின்று, "சகலன்!" என்று கத்திவிட்டார். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை. இவ்வளவு பனியும் இரும்பும் உள்ள ஊரில் இருக்கிறது. வீட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த நாட்டு மொழி அதற்குப் பிறகு அவருக்கு அந்நியமாக இருந்ததில்லை. யாராவது ருஷ்யத்தில் கதைத்தால் அவருடைய காதில் அது அளவெட்டிப் பேச்சாகத்தான் விழும். கலீனாவைக் கட்டினார். ஊருக்குக் கூட்டிப் போனார். யுத்தத்தில் ஊர் எரிந்தது. கனடாவுக்கு வந்தார்கள். அவருடைய பட்டத்தை மொன்றியலில் ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் இயந்திரங்களைத் திருத்துகிற வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளன் தன் தங்கையின் புருசனையும் பெண்சாதியின் தம்பியையும் அவளுடைய தமக்கையின் புருசனையும் ஒரே மாதிரி, பிரெஞ்சில் 'போ-ஃப்ரேர்' என்றுதான் சொல்வான். உருத்திரமூர்த்திக்கு அது எல்லாத் திருகாணிக்கும் ஒரே சாவியைப் போடுகிற மாதிரி இருக்கும்.

சோவியத் யூனியன் உடைந்து, கலீனா ஸ்பொன்சர் செய்து, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தமாராவும் விக்டரும் விமானத்தால் இறங்கியபோது அவர் தான் அணைத்துக்கொள்ளப் போகிறவனை ஏற்கெனவே பதினைந்து வருடமாகத் தெரிந்தவர் போல அணைத்துக்கொண்டார். கையில் ஒரு சொல் இருந்தது. அதற்குள் பொருந்த ஒரு ஆள் வந்துவிட்டான். ஆள் எப்படிப்பட்டவன் என்று அவர் பார்க்கவில்லை.

அடுத்த கிழமையே விக்டரைப் பார்க் எக்ஸ்டென்ஷனில் பத்திநாதரின் பலசரக்குக் கடைக்குக் கூட்டிப்போனார். பத்திநாதர் பாசையூர்க்காரர், அறுபது வயது. உறவுமுறை சொல்லாமல் ஒரு கிலோ வெங்காயம் கூட நிறுக்கமாட்டார். தபால்காரன் அவருக்கு மருமகன். கட்டடத்துச் சொந்தக்காரனான கிரேக்கக் கிழவன் பெரியப்பா.

"இவர் என்ர சகலன்," என்றார் உருத்திரமூர்த்தி.

"உனக்குச் சகலன் எண்டா எங்களுக்கும் சகலன்தானே! வாங்கோ சகலன், வாங்கோ! ஒரே மாமியிட்ட மாட்டுப்பட்ட ரெண்டு பேரை இண்டைக்குத்தான் சேத்துப் பாக்கிறன்."

விக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவன் பத்திநாதரை இடுப்பில் பிடித்து வெங்காய மூட்டைகளுக்கு மேலே தூக்கினான். கடை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் சகலன். தமிழர் யாராவது வீடு மாறினால் குளிர்சாதனப் பெட்டியைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிப் படியிறங்குவான். அரிசிச் சாக்குகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வருவான். காசு கொடுத்தால் வாங்கமாட்டான். "சகலன்," என்பான், நெஞ்சில் குத்திக் காட்டி. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். அது போதுமாக இருந்தது.

விரல் முறிந்ததற்குப் பிறகு உருத்திரமூர்த்தி ஒருதரம் அவனோடு கதைக்கப் போனார். களஞ்சியத்தின் பின்பக்கம், இறைச்சி லொறிகள் நிற்கும் இடம். விக்டரின் வெள்ளை மேலங்கி நெஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. அவர் மூன்று வசனம் ஆயத்தம் செய்து கொண்டுபோயிருந்தார். முதலாவதைச் சொல்லி முடிக்க முன்பே அவன் ஒரு கையால் அவருடைய பின்கழுத்தைப் பிடித்தான். நாய்க்குட்டியைப் பிடிப்பது போல.

"ஸ்வயாக்," என்றான் மெதுவாக. "நீயும் நானும் ஒரே வீட்டில பெண் எடுத்தவை. நீ உன்ர பங்கைப் பார். நான் உன்ர பங்கில கை வைச்சனானோ?"

விரல்கள் இறுகின. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிடியை விட்டுச் சிரித்து, அவருடைய சட்டைக் கழுத்தை நேராக்கி விட்டான். கழுத்துப் பட்டியில் மாட்டு இரத்தம் ஒட்டியது. அவர் அதை வீட்டில் தானே துவைத்தார், கலீனா காணாமல்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், குளிர் மூக்கு மயிரை உறையவைத்த ஒருநாள் காலை, தொழிற்சாலைக் காவலாளி அவரைக் கூப்பிட்டான். "உன்ர ஆக்களாம். வெளியில நிக்கிறாள்."

தமாரா வாசல் படலையடியில் நின்றாள். சப்பாத்து நாடா கட்டியிருக்கவில்லை. ஒரு கண் ஊதி மூடிப்போயிருந்தது. இடது காதில் தோடு இருந்த இடம் கீழே வரை பிளந்து, இரத்தம் கழுத்துத் துணியோடு உறைந்து ஒட்டியிருந்தது.

"அத்தான்," என்றாள். அந்தச் சொல்லைக் கலீனாதான் அவளுக்குப் படிப்பித்தவள். "இண்டைக்கு அவன் கத்தியை எடுத்தவன். வேலைத்தலத்துக் கத்தி."

அவளை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விக்டர் முதலில் அங்கேதான் வருவான். பார்க் எக்ஸ்டென்ஷனில் யோகராணியின் வீட்டுக்குக் கொண்டுபோனார். யோகராணி புருசனை ஊர் யுத்தத்தில் பறிகொடுத்தவள். மேல்மாடியில் தனியாக இருந்து தையல் தைத்துப் பிழைக்கிறவள். காதைப் பார்த்தாள். தண்ணீர் சுடவைத்தாள்.

கலீனா வேலையிலிருந்து நேரே அங்கே ஓடிவந்தாள். "பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"பொறு. பொலிஸ் வந்தால் நாலு பேர் அறிய..."

"அறியட்டுமே!"

"எங்கட குடும்பத்துக்குள்ள ஒண்டு. முதல் அவனோட கதைச்சு..."

"கதைச்சனீங்கள்தானே. சட்டையில காயாத இரத்தத்தோட வந்தனீங்கள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களே?"

தமாராவும் பொலிஸ் வேண்டாம் என்றாள். ஸ்பொன்சரில் வந்தவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அவளைப் பயப்படுத்தியிருந்தார்கள். விக்டர்தான். கலீனா அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உருத்திரமூர்த்தியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

சுவரில் அவர் கண்டது தன் தாய்மாமனை. உருத்திரமூர்த்தி சின்னப் பெடியனாக இருந்தபோது, ஒருநாள் அவருடைய தகப்பன் தாயை உலக்கையால் அடித்துத் தோளை இறக்கிவிட்டார். மாமன் பொழுது சாயமுன் வந்தார். படலையைத் திறக்கவில்லை, உதைத்து விழுத்தினார். கையில் பச்சைப் பனைமட்டை, கருக்கோடு. தகப்பன் முற்றத்தில் உருண்டு உருண்டு அடி வாங்கினார். அவருடைய முதுகு உழுத நிலம் போல ஆயிற்று. அக்கம்பக்கத்தார் வேலியால் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. அவரல்லோ பெண்ணுக்கு அண்ணன், அவருக்கு உரித்து உண்டு. அம்மா வாசலில் நின்று, "காணும் அண்ணை," என்று சொன்ன பிறகுதான் மட்டை கீழே விழுந்தது. அன்றைக்கு மாமன் அங்கேயே சாப்பிட்டார். தகப்பன் குப்புறப் படுத்தபடி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உலக்கை நெல்லுக்கு மட்டும்தான்.

அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். தான் அந்த ஆள் இல்லை, தான் ஸ்வயாக், அடிக்கிறவனின் பக்கத்துக் கதிரையில் உட்காருகிறவன் என்றுதான் அவர் அதுவரை தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் அவர் பிழை விட்டார். பத்திநாதரின் கடைக்கு அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். பாண் வாங்கினார், பால் வாங்கினார். "சகலன் எப்பிடி?" என்று பத்திநாதர் கேட்டபோது, "இருக்கிறார்," என்றார். மானம் வாயை அடைத்தது. விக்டரை அந்தக் கடைக்குள் சகலன் என்று கூட்டிவந்தவர் அவர். இனி அவன் சகலன் இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொல்லவில்லை.

பத்திநாதருக்கோ கண் கூர்மை. யோகராணி தன் சீவியத்தில் பீட்ரூட் வாங்கியதில்லை. அந்தக் கிழமை இரண்டுதரம் வாங்கினாள், புளித்த கிரீமும் கேட்டாள். அவர் தனக்குள் சிரித்தார். ருஷ்யப் பெட்டை கோவித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நல்லது, கோபம் ஆறட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விக்டர் கடைக்கு வந்தான். சவரம் செய்து, தலை வாரி, கையில் கடதாசி சுற்றிய பூக்களோடு. கல்லாப்பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து அழுதான். வாய்விட்டு, பெரிய உடம்பு குலுங்க. "சகலன்... தமாரா... சகலன்..." கடைக்கு வந்த சனம் விலகி நின்று பார்த்தது. பத்திநாதரின் நெஞ்சு கரைந்துவிட்டது. அவருடைய ஊரில் கோவித்துப் போன பெண்ணைப் புருசன் தனியாகப் போய்க் கூப்பிடக்கூடாது. பெரியவர் ஒருவர் முன்னுக்குப் போக வேண்டும். அவர் கடையை மகளிடம் விட்டுவிட்டு மேலங்கியைப் போட்டார்.

"எழும்புங்கோ சகலன். ஆம்பிளை அழுறதே? வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

யோகராணியின் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருந்தது, அந்த ஊரின் பல வீடுகளுக்கு இருக்கிற மாதிரி. இரும்புப் படிகள், வளைந்து வளைந்து மேலே போகும், இடைவெளியால் கீழே தெரு தெரியும். பனி உருகி உறைந்து படியெல்லாம் கண்ணாடி. பத்திநாதர் கைபிடியைப் பிடித்து ஏறிக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை யோகராணி! கதவைத் திற மோனை. நான்தான், பத்தி அண்ணை. சொந்தக்காரர் வந்திருக்கிறார்."

அந்தக் குரலுக்கு யோகராணி எப்போதும் திறப்பவள். திறந்தாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்த உருத்திரமூர்த்தி, தமாராவின் காதுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு பஸ்ஸால் இறங்கித் தெருமுனையில் திரும்பியபோது முதலில் கண்டது பூக்களை. சிவப்பும் வெள்ளையுமாகப் பனியில் சிதறிக் கிடந்தன. பிறகு பத்திநாதரை. கீழ்ப்படியில் தொப்பி இல்லாமல் நின்று மேலே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சகலன், வேண்டாம்! சகலன், உங்களைக் கும்பிட்டன், விடுங்கோ!"

மேலே கதவு வாசலில் யோகராணி நெற்றியைப் பொத்திக்கொண்டு சாய்ந்திருந்தாள். விரல்களுக்கிடையால் இரத்தம் முழங்கை வரை வந்து சொட்டியது. அவளுடைய மற்றக் கையில் முறிந்த அகப்பையின் பாதி. விக்டர் தமாராவின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துப் படியால் இழுத்துக்கொண்டு வந்தான். அவளுடைய முதுகு ஒவ்வொரு இரும்புப் படியிலும் அடித்தது. அவள் கைபிடிக் கம்பியைப் பிடிப்பாள். அவன் திரும்பி அந்தக் கையைச் சப்பாத்தால் மிதிப்பான். கை விடும். அடுத்த படி. தெருவில் போனவர்கள் நின்றார்கள். முன்வீட்டு யன்னலில் ஒரு கிழவி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உருத்திரமூர்த்தி ஏறினார். மருந்துப் பை கையிலேயே இருந்தது.

விக்டர் அவரைக் கண்டதும் நின்றான். மூச்சு வெள்ளையாக வந்தது. "ஸ்வயாக்," என்றான், சாதாரணமாக, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிறவன் போல. "வழி விடு."

அவர் விலகவில்லை. "அவளை விடு."

"நீ ஆர் கேக்கிறதுக்கு? அவளுக்கு நீ ஆர்?"

குனிந்து விக்டரின் கணுக்கால் இரண்டையும் கட்டிப்பிடித்தார். விக்டர் காலை உதறினான். சப்பாத்தின் இரும்பு நுனி அவருடைய மூக்கில் விழுந்தது; உள்ளே எலும்பு நொறுங்குவது மண்டைக்குள் கேட்டது. வாய்க்குள் சூடாக நிறைந்தது. விடவில்லை. இன்னொரு உதை, கன்னத்தில். ஒரு பல் நாக்கில் கிடந்தது. விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் முழுப் பாரத்தையும் பின்னால் எறிந்தார்.

தமாராவின் தலைமயிர் விக்டரின் கையை விட்டு வழுவ, இரண்டு பேரும் போனார்கள். படி, கம்பி, வானம், படி. விக்டரின் ஒரு கால் இரண்டு படிகளுக்கிடையில் போய்ச் சிக்கிக்கொண்டது; உடம்பு மட்டும் தொடர்ந்து கீழே போயிற்று. அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் கத்திய கத்தலில் முன்வீட்டு நாய் ஊளையிட்டது. கால் கழன்று வர, அவன் கீழே நடைபாதையில் வந்து விழுந்தான், முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் திரும்பிய காலோடு.

உருத்திரமூர்த்தி எழும்பினார். முகத்தில் முகம் இல்லை, இரத்தம்தான். சுவரில் பனி அள்ளும் சவள் சாய்ந்திருந்தது. எடுத்தார்.

முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். விக்டர் கைகளால் தலையை மூடினான். மூடிய கைகளில் அடித்தார். விரல்கள் உடைவது சவளின் பிடியால் அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவன் இனி எழும்பப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தமாரா படியில், தப்பிவிட்டாள் என்றும் தெரியும். அடித்தார். அவருடைய மாமனுக்கு அடிக்கத் தெரிந்திருந்தது. நிறுத்தச் சொல்ல ஒருத்தியும் இருந்தாள். இங்கே ஒருவரும் காணும் என்று சொல்லவில்லை. தமாரா நடுப்படியில் இருந்து, கம்பிகளுக்கிடையால், ஊதிய கண்ணும் நல்ல கண்ணுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் பத்திநாதர்தான் போய் விக்டருக்கு மேலே குப்புற விழுந்தார். தூக்கிய சவள் நிற்கவில்லை. கிழவரின் வலது தோளில் இறங்கிற்று.

"ஐயோ என்ர அம்மா! நான்டா, நான்!"

அப்போதுதான் சவள் கையை விட்டு விழுந்தது. பொலிஸ் வண்டியின் சத்தம் அதற்கு முன்பே கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

வழக்கு வைகாசி மாதத்தில் வந்தது. உருத்திரமூர்த்திக்கு அமர்த்திய வழக்கறிஞர் கெட்டிக்காரர். விழுந்த பிறகும் விக்டர் தாக்க வந்தான், உயிருக்குப் பயந்து அடித்தேன் என்று சொல்லுங்கள், ஒருநாள் கூட உள்ளே இருக்கமாட்டீர்கள் என்றார். பத்திநாதரும் கட்டுப் போட்ட தோளோடு வந்து, தானும் அப்படியே சொல்கிறேன் என்றார். "நான்தானே கூட்டிக்கொண்டு போனனான். இதாவது செய்யிறன், விடடாப்பா."

அன்று பின்னேரம் கலீனா அவரிடம் சொன்னாள்: "தமாரா சாட்சி சொல்லப் போறாள். எல்லாத்தையும். கண்டபடி சொல்லுவாள், உங்களையும் சேத்து. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

"அப்ப நான் பொய் சொன்னால்?"

"அவன்ர வழக்கறிஞர் கேப்பான், இந்த ரெண்டு பேரில ஆர் பொய்யெண்டு. அவளைப் பிடிச்சு உலுப்புவான். பிறகு அவள் விக்டரைப் பற்றிச் சொல்லுறதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். அவன் வெளியில வந்திடுவான்."

உருத்திரமூர்த்தி இரவுச் சாப்பாட்டை முடித்தார். உடைந்த மூக்கால் மூச்சு விசிலடித்தது. "சரி," என்றார்.

நீதிமன்றத்தில் அவர் சொன்னது சின்னது. "அவன் விழுந்த பிறகும் அடிச்சனான். அப்ப அவன் என்னை ஒண்டும் செய்யேல்லை. நான் அடிச்சுக்கொண்டிருந்தனான்." வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். தமாரா சாட்சிக் கூண்டில் ஏறி, விரலிலிருந்து தொடங்கி, கத்தி வரை, படி வரை, சவள் வரை சொன்னாள். விக்டரின் வழக்கறிஞர் எங்கே தட்டிப் பார்த்தும் அது ஓட்டையாக ஒலிக்கவில்லை. விக்டருக்கு நீண்ட சிறை, முடிந்ததும் நாடுகடத்தல். உருத்திரமூர்த்திக்கும் சிறை, சில மாதங்கள். வேலை போயிற்று. கலீனா இரண்டு இடத்தில் வேலை செய்து வீட்டைப் பிடித்துக்கொண்டாள். கிழமைக்கு ஒருதரம் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, அவருடைய மூக்கு இன்னும் கோணல் என்று திட்டிவிட்டுப் போவாள். தமாரா ஒருதரமும் வரவில்லை.

வெளியே வந்த மறுநாள் கலீனா ஒரு பானை சூப்பைக் கட்டிக் கொடுத்தாள். "போய் அவளைப் பாத்திட்டு வாங்கோ. ஒண்டும் கேளாதேங்கோ. பாத்திட்டு மட்டும் வாங்கோ."

தமாரா பியர்பொன்ட்ஸில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை எடுத்து, ஒரு வீட்டின் கீழறையில் வாடகைக்கு இருந்தாள். பஸ்ஸில் போனால் அரைநாள் போய்விடும் என்று பத்திநாதர் தன் காரைக் கொண்டுவந்தார். வழி முழுக்கப் பத்திநாதர்தான் கதைத்தார். புதுக் கட்டடத்துச் சொந்தக்காரனைப் பற்றி, கத்தரிக்காய் விலையைப் பற்றி. சகலன் என்ற சொல் அவருடைய வாயில் ஒருதரமும் வரவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் நாலைந்து படி கீழே இறங்கிக் கதவு. பத்திநாதர் முந்திக்கொண்டு போய்த் தட்டினார். "பிள்ளை தமாரா! ஆர் வந்திருக்கிறார் எண்டு பார். உன்ர அத்தான் வந்திருக்கிறார்!"

சின்ன யன்னலில் திரை அசைந்தது. கதவு அசையவில்லை.

"அண்ணை," என்றார் உருத்திரமூர்த்தி, "நீங்கள் போய்க் காரில இருங்கோ."

அவர் போனார். உருத்திரமூர்த்தி பானையோடு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. தைத்த காது, பக்கத்தில் ஒரு கண்.

"சுகமோ?" என்றார் ருஷ்யத்தில்.

"சுகம். மூக்கு?"

"மூச்சு வருது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சங்கிலியில் அவளுடைய கை இருந்தது, கழற்றுவதா என்று தெரியாமல். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"கோவிக்காதேங்கோ. அண்டைக்குப் படியில இருந்து நான் அவனைப் பாக்கேல்லை. உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் அடிக்கேக்க. அது விக்டரின்ர முகம். எனக்காகத்தான் எண்டு தெரியும். ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லுறனான். ஆனா இப்ப உங்கட குரல் கேட்ட உடனை கை தானாச் சங்கிலியைப் போட்டிட்டுது."

உருத்திரமூர்த்தி தன் கைகளைப் பார்த்தார். பானையைப் படியில் வைத்தார். கைகள் வெறுமையானதும் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கலீனா தந்து விட்டவ."

"வைச்சிட்டுப் போங்கோ. குளிர்காலம் முடிய வாங்கோ. தனிய வேண்டாம், கலீனாவோட."

"ஓம்," என்றார். அவளுக்கு அந்தத் தமிழ்ச் சொல் தெரியும். தலையாட்டிக் கதவைச் சாத்தினாள். பூட்டு ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

காரில் பத்திநாதர் கொதித்துக்கொண்டிருந்தார். "என்னடாப்பா இது, சங்கிலிக்குள்ளாலயோ கதைச்சவள்? அவளுக்காகச் சிறைக்குப் போன மனுசனை வாசலில வைச்சு! ஒரு தேத்தண்ணி கூட இல்லை. சொந்தமெண்டு ஒரு இது இல்லையே?"

"அவளுக்குத் திறக்க விருப்பமில்லை, அண்ணை. காரை எடுங்கோ."

"இல்லை, நான் கேக்கிறன்..."

"எடுங்கோ."

பத்திநாதர் கியரைப் போட வலது கையை உயர்த்தினார். தோள் பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை அந்தப் பக்கம் கொண்டுவர முயன்றார். உருத்திரமூர்த்தி எட்டிப் பின்கியரைப் போட்டுவிட்டார். கார் மெதுவாகத் தெருவுக்குப் பின்வாங்கியது. படிகளைத் தாண்டும்போது அவர் எட்டிப் பார்த்தார். பானை இன்னும் வாசலில்தான் இருந்தது, மூடியில் ஆவி போய்க்கொண்டிருந்தது.